பதிவில் இல்லாத பெயர்

நொலுண்டி திருடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவள் கதையை மூன்று இடங்களில் மூன்று விதமாக விசாரித்தார்கள். கடைசியாக விசாரித்தவர்களுக்குத்தான் அதிகாரம் அதிகம், அதனால் அவர்கள் சொன்னதே நிலைத்துவிட்டது. போர்ட் எலிசபெத் நகரத்தை ஒட்டின க்வாசகேலே குடியிருப்பில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் உள்ளதைச் சொல்வார்கள். நிறுத்திக் கேட்கத்தான் யாரும் வரவில்லை.

அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவை ஆலையில். போர்ட் எலிசபெத் நகரத்து ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் வண்டி வண்டியாக அங்கேதான் வந்து இறங்கும். ரத்தமும் மருந்தும், இன்னும் வாயால் சொல்லக் கூசுகிற எல்லாமும் அதில் ஒட்டியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு அந்த அழுக்கு மூட்டையைப் பிரிக்கிற பிரிவில் அவள் இருந்தாள். முகம் சுளிக்கவே மாட்டாள். “யாரோ ஒரு உசுரு படுத்துக் கிடந்த துணிதானே” என்பாள். அப்படிப்பட்ட வேலையைப் போய் ஒருத்தி திரும்பக் கொடுங்கள் என்று கோர்ட்டு கோர்ட்டாக ஏறி இறங்கினாள் என்றால், எங்கள் ஊரில் வேலை கிடைக்கிற லட்சணம் அப்படி. நாற்பத்தேழு வயதுப் பெண்ணை யார் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்?

வேலையை விடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. அவளை வேலையை விட்டு எடுத்த காரணம் திருட்டு. சர்ச்சில் வியாழக்கிழமை தோறும் கூடுகிற பெண்கள் சங்கத்தில், திருட்டுப் பட்டம் சுமந்தவள் சீருடையான சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்க முடியாது. “தீர்ப்பு வர்ற வரைக்கும்தான், மனசுல வச்சுக்காதீங்க” என்று தலைவி நயமாகத்தான் சொன்னாள். நயமாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா? நொலுண்டி வீட்டு உடுப்போடு கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். திருடி இல்லை என்று மேலே இருக்கிற யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவள் வீட்டு விவரத்தையும் சொல்லிவிடலாம். புருஷன் கேப் டவுனுக்கு வேலை தேடிப் போனான். போன இடத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். நல்ல பயல்! செய்தி வந்த அன்று நொலுண்டி மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மாமனார் வாசல்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

“எங்கே கிளம்பிட்ட?”

“எங்க ஊருக்கு.”

“போனவன் போய்த் தொலையட்டும். அவன் போனதுக்கு நீ ஏன் போற? எனக்கு மருமக நீதான். இந்த வீடு உன்னோடது.”

சொன்னதோடு நிற்காமல் வீட்டை அவள் பெயருக்கு எழுதியும் வைத்தார். அந்த மனிதருக்கும் அவருடைய மனைவிக்கும் அவள்தான் மகளாக இருந்தாள். நொலுண்டி என்ற பெயரே அவர் வைத்தது. புகுந்த வீட்டில் கல்யாணத்தன்று மருமகளுக்குப் புதுப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லாமல் இருப்பதும் எங்கள் வழக்கம். அவர் பெயர் மலூசி. நாம் சொல்லலாம், நமக்கென்ன. எங்கள் பாஷையில் மேய்ப்பன் என்று அர்த்தம். அந்த ஒலி நாக்கில் வந்துவிடக் கூடாதென்று, ஆடு மேய்க்கிறவனைப் பற்றிப் பேச நேர்ந்தால்கூட ‘ஆட்டுக்குப் பின்னால போறவன்’ என்று சுற்றி வளைப்பாள். ஜெபத்தில் கர்த்தரை மேய்ப்பர் என்கிற இடம் வரும்போது சுற்றி நிற்கிற எல்லோரும் சத்தமாகச் சொல்ல, இவள் மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்பாள். பாதிரியார்கூட அதைத் தப்பாக நினைத்ததில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் மாமனார் பெயரைக் கைப்பேசியில் அப்படியே பதிந்து வைத்துக்கொள்கிறார்கள், அது வேறு கதை. நொலுண்டி பிடிவாதக்காரியும் இல்லை, பழம்பஞ்சாங்கமும் இல்லை. தன்னை வாசலில் மறித்து உட்கார்ந்த மனிதருக்குத் தன்னால் செய்ய முடிந்த மரியாதை இது ஒன்றுதான் என்று நினைத்தாள்.

அவர் இறந்து ஒரு வருஷம் கழித்துக் கல்லறைக்குக் கல் வைக்கிற சடங்கு வந்தது. கிராமத்திலிருந்து உறவுக்காரர்கள் திரண்டு வருவார்கள். குளிர்காலம். எங்கள் ஊர்க் காற்று எலும்பைத் துளைக்கும். வீட்டில் போர்த்திக்கொள்ளப் போர்வை போதாது.

சலவை ஆலையில் பாய்லர் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இருந்தார். தொந்தியும் சிரிப்புமாக நடமாடுகிற மனிதர். விதியைப் பாருங்கள், அவர் பெயரும் மலூசி. நொலுண்டி அவரை ‘பாய்லர்காரப் பெரியவரே’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஏம்மா, ஊருக்கெல்லாம் நான் மலூசி, உனக்கு மட்டும் பாய்லரா?” என்று அவர் வம்புக்கு இழுப்பார்.

“உங்க சூட்டுக்கு அந்தப் பேருதான் பொருத்தம்” என்பாள்.

கிழிந்துபோன ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் கழித்துக் கட்டி உலையில் போடுவதற்கு ஒரு மூலையில் குவித்து வைத்திருப்பார்கள். அதில் ஆறு போர்வையைக் கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். சொன்னாள்.

“அட, என் பேரு வச்சுக்கிட்டிருந்த பெரியவருக்கா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நெருப்புக்குப் போறதுதானே. விருந்தாளிங்க குளிர்ல நடுங்கினா அந்த மனுஷன் என்னைத்தான் திட்டுவாரு.”

அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் வாயிற்கதவில் காவலுக்குப் புதிதாக வந்திருந்த ஆள் அவள் மூட்டையைப் பிரித்தான். மேஸ்திரியைக் கேளுங்கள் என்றாள். மேஸ்திரி அன்று மதியமே விடுப்பில் கிராமத்துக்குக் கிளம்பியிருந்தார். கிராமத்தில் அன்று ராத்திரியே தூக்கத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர்களுக்கு நல்ல சாவு என்பார்கள். அவருக்கு நல்ல சாவுதான், நொலுண்டிக்குத்தான் தலையில் கல் விழுந்தது. சாட்சி சொல்ல இருந்த ஒரே வாய் மண்ணுக்குள் போய்விட்டது. ஆலை அவளைத் திருட்டுக் குற்றத்தில் நீக்கியது.

தொழிற்சங்கத்துப் பையன் மொண்டே வழக்கைக் கையில் எடுத்தான். பையன் என்றாலும் முப்பது தாண்டியவன், நன்றாகப் பேசுவான். எங்கள் நாட்டில் இப்படி வேலை போனவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் கோர்ட்டு இல்லை. சாதாரண அறை, ஒரு மேசை, நடுவர் ஒருவர். இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும். மேசை நடுவே சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். அங்கே பேசியதெல்லாம் அதில் பதிவாகும்.

நடுவர் எங்கள் இனத்து ஆள். ஆலையின் பணியாளர் அதிகாரி, அவரும் எங்கள் ஆள். ஆக அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே பாஷை, ஒரே வழக்கம். கேட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அதில்தான் வினையே வந்தது.

பணியாளர் அதிகாரி கேட்டார்: “போர்வையை எடுத்துக்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“மேஸ்திரி.”

“மேஸ்திரி மூணு பேர் இருக்காங்க. எந்த மேஸ்திரி?”

“பாய்லர்கிட்ட இருப்பாரே, அவர்.”

“பாய்லர்கிட்ட மூணு பேருமே மாத்தி மாத்தி இருப்பாங்க. பேரைச் சொல்லுங்க.”

நொலுண்டி தரையைப் பார்த்தாள்.

“பேர் என்னம்மா?”

“என்னால சொல்ல முடியாதுங்க.”

“தெரியலையா, சொல்ல முடியலையா?”

பதில் இல்லை. அதிகாரி இன்னும் ஒருமுறை கேட்டார். அவள் இன்னும் ஒருமுறை தரையைப் பார்த்தாள். நடுவர் தொண்டையைக் கனைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தார். எழுந்தவர் ஒலிப்பதிவுக் கருவியை அணைத்தார்.

டீக் கோப்பையோடு மொண்டே நடுவர் பக்கத்தில் போய் நின்றான்.

“ஐயா, அந்த மேஸ்திரியும் அவங்க மாமனாரும் ஒரே பேரு. அதான் அவங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க.”

“இதை நீ சொல்லணுமா தம்பி? பார்த்ததுமே புரிஞ்சுது. எங்க அம்மாவும் அப்படித்தான். எங்க தாத்தா பேரைச் சொல்லாம இருக்க, சர்க்கரைக்கே வேற பேரு வச்சிருந்தாங்க.”

பணியாளர் அதிகாரிகூடப் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். “யாரு, நம்ம மலூசியா? அந்த ஆளு ஆலையையே தூக்கிக் குடுக்கச் சொன்னாலும் குடுத்திருப்பாரு, புண்ணியவான்.” மூன்று பேரும் செத்துப்போன மேஸ்திரியை நினைத்து உச்சுக் கொட்டினார்கள். டீயைக் குடித்து முடித்தார்கள். உள்ளே போய்க் கருவியைப் போட்டுவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவினார்கள்.

அட மனிதர்களே! சொன்னதை ஒருமுறை அந்தக் கருவி கேட்கச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குச் சொல்வது? ஒரு மருமகளின் மௌனத்தை அவள் முகத்துக்கு நேரே விளக்கிப் பேசுவது எங்களில் மட்டு மரியாதை இல்லாத காரியம். அந்த அறையில் ஒரு வெள்ளைக்காரரோ, வேறு ஊர்க்காரரோ இருந்திருந்தால் அவருக்குப் புரிய வைக்கவாவது யாராவது வாயைத் திறந்திருப்பார்கள். அப்படி ஒருவரும் அங்கே இல்லை.

நடுவர் நொலுண்டியின் பக்கம் தீர்த்தார். மேஸ்திரி மலூசி அனுமதி கொடுத்தது உண்மை, இவள் பேச்சை நான் நம்புகிறேன், திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அன்றைக்குத் தெருவே அவள் வீட்டில் கூடியது. மாமியார் ஆட்டுத்தலை வாங்கிச் சமைத்தாள். வருகிற வியாழக்கிழமைக்குச் சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டுக்கூட வைத்தாள்.

சந்தோஷம் அந்த வியாழன் வரைகூடத் தாங்கவில்லை. ஆலையின் தலைமையகம் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது, அங்கேயிருந்து அவளைச் சேர்க்க மாட்டோம் என்று உடனே சொல்லிவிட்டார்கள். அங்கே இருக்கிற வக்கீல்கள் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து, மொழிபெயர்த்து வாங்கிப் படித்தார்கள். படித்ததும் அவர்களுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. நடுவர் தன் தீர்ப்பில் மலூசி, மலூசி என்று எழுதியிருக்கிறார். ஆனால் பதிவில் ஆரம்பம் முதல் கடைசி வரை அந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அப்படியானால் நடுவருக்கு அந்தப் பெயர் எங்கேயிருந்து கிடைத்தது? ஆகாயத்திலிருந்தா? சாட்சியத்தில் இல்லாததை வைத்து எழுதிய தீர்ப்பு செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் அந்த டீயைக் குடிக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் மொண்டே ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தான். நடந்ததையெல்லாம் நொலுண்டி சொல்வது போல எழுதி, மேஸ்திரியின் பெயரையும் போட்டிருந்தான்.

“இதைச் சத்தியம் வாங்குற அதிகாரி முன்னாடி வாசிச்சுக் காட்டுவாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா. நான் சொன்னதுதான்னு நீங்க சத்தியம் பண்ணணும்.”

“அப்போ அந்தப் பேரை எடுத்துடு தம்பி. மேஸ்திரின்னு மட்டும் போடு.”

“அக்கா…”

“பெரியவர் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருப்பாரு. இங்க இருந்துக்கிட்டு நான் சொன்னேன்னு எழுத எனக்கு மனசு வரலப்பா.”

மொண்டே வாதாடியிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும், மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டில் மணிக்கணக்காக வாதாடுகிறவன், அவள் குனிந்த தலையைப் பார்த்ததும் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துவிட்டான். அவனும் எங்களில் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவன்தானே. பிறகு அதை நினைத்து நினைத்து அவன் பட்ட வேதனை கொஞ்சம் இல்லை.

தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதி ஒருவர். ‘பெயர் கேட்டும் சொல்ல மறுத்திருக்கிறார், இப்போதும் சொல்லவில்லை’ என்று எழுதி, நடுவர் தீர்ப்பைத் தள்ளிவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை திரும்பப் பெட்டிக்குள் போனது.

இனி மிச்சம் இருந்தது ஒரே ஒரு படி. தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம். தொழிலாளி முதலாளி வழக்குகளுக்கென்றே இருக்கிற உச்சிப் படி அது. அநேகமாக அதற்கு மேலே போக வழியில்லை. மூன்று நீதிபதிகள். வருஷத்தில் சில நாள் எங்கள் ஊரிலும் வந்து உட்காருவார்கள். சங்கம் இதற்காகப் பீட்டர்சன் என்ற பெண் வக்கீலை அமர்த்தியது. கெட்டிக்காரி. ஒளிவு மறைவு கிடையாது. வழக்குக்கு முன்னால் நொலுண்டியையும் மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள், மொண்டே மொழிபெயர்த்தான்.

“அங்க சாட்சிக் கூண்டே கிடையாது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்க. கீழே என்ன பதிவாச்சோ அதை மூணு பேரும் முன்னாடியே படிச்சுட்டு வந்திருப்பாங்க. அதுல இருக்கிறதை வச்சு நான் பேசுவேன், அவங்க வக்கீல் பேசுவார். அவ்வளவுதான்.”

“அப்போ என் மருமக எப்போ பேசுவா?” என்று மாமியார் கேட்டாள்.

“பேச மாட்டாங்கம்மா.”

“அவளோட வழக்கு. அவ பேச மாட்டாளா?”

“அவங்க பேச வேண்டியதெல்லாம் கீழேயே பேசி முடிச்சாச்சுன்னு கணக்கு.”

மாமியார் மொண்டேயின் பக்கம் திரும்பினாள். “இது என்ன கோர்ட்டுப்பா, ஆளைப் பார்க்காம காகிதத்தைப் பார்க்கிற கோர்ட்டு?” என்றாள். மொண்டே பீட்டர்சனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

“டீ குடிக்கும்போது பேசினதை இப்போ நாம சொல்ல முடியாதா?” என்று நொலுண்டி கேட்டாள்.

“புது சாட்சியம் சேர்க்க ஒரு வழி இருக்கு. ஆனா அதுக்கு, ‘முன்னாடியே ஏன் சொல்லல?’ன்னு கேப்பாங்க. முன்னாடியே சொல்ல வாய்ப்பு இருந்துச்சு, வேணும்னே எடுத்துட்டீங்க. பத்திரத்துல பேர் அடிச்ச இடம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது. கோர்ட்டுல கேட்டுப் பார்த்தேன், மறுத்துட்டாங்க” என்றாள் பீட்டர்சன்.

வழக்கு நாளன்று டாக்ஸி வேனில் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். பார்வையாளர் பெஞ்சில் இரண்டாவது வரிசை. மாமியார் தோளில் சால்வை. அவளுக்கு இந்தப் பக்கம் நொலுண்டி, நொலுண்டிக்கு அந்தப் பக்கம் மொண்டே. எல்லோரும் எழுந்திருக்க, மூன்று நீதிபதிகள் உள்ளே வந்தார்கள். நடுவில் உட்கார்ந்த பெண்மணி எங்கள் இனத்துப் பெண். நொலுண்டிக்கு அதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மாமியார்கூட முழங்கையால் இடித்து, “நம்ம பொண்ணுடீ” என்றாள்.

பீட்டர்சன் எழுந்து பேசினாள். இங்கிலீஷ். மொண்டே வாயைக் கையால் மறைத்துக்கொண்டு குசுகுசுவென்று மொழிபெயர்த்தான். அரைமணி நேரம் போவதற்குள் நொலுண்டிக்கு ஒன்று விளங்கிவிட்டது. போர்வையைப் பற்றி யாருமே பேசவில்லை. கல்லறைச் சடங்கைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து மறித்த பெரியவரைப் பற்றிப் பேச அங்கே இடமே இல்லை. எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில் போய் முட்டி நின்றது.

வலது பக்கம் இருந்த வயதான வெள்ளைக்கார நீதிபதி கேட்டார்: “நடுவர் எழுதியிருக்கிற பேர் பதிவுல எந்தப் பக்கத்துல இருக்கு? அதை மட்டும் காட்டுங்க, போதும்.”

“அந்தப் பேர் பதிவுல இல்லைங்க ஐயா. ஆனா அவங்க மௌனமே…”

“மௌனத்துக்கு என்ன காரணம்னு பதிவுல யாராவது சொல்லியிருக்காங்களா?”

“இல்லைங்க.”

ஆலை வக்கீல் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவருக்கு வேலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “திருமதி பீட்டர்சன், இந்த மௌனம் என்னன்னு எனக்குத் தெரியும். நான் வளர்ந்த வீட்டுல தினமும் பார்த்ததுதான். ஆனா எனக்குத் தெரிஞ்சதை வச்சு நான் தீர்ப்பு எழுதலாமா? இன்னிக்கு நான் ஒரு தொழிலாளிக்காக எழுதுவேன். நாளைக்கு இன்னொரு நீதிபதி, தனக்குத் தெரிஞ்சதுன்னு எதையோ வச்சு இன்னொரு தொழிலாளிக்கு எதிரா எழுதுவார். அப்போ நாம என்ன சொல்றது?”

கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததுதான் பெரிய கொடுமை.

“என்ன சொல்றாங்க?” என்று நொலுண்டி மொண்டேயைக் கேட்டாள்.

மொண்டே தயங்கினான். “பேரு எங்கேன்னு கேக்கிறாங்கக்கா. யாரும் சொல்லவே இல்லையேங்கிறாங்க.”

“அது மட்டும்தானா?”

“அது மட்டும்தான்.”

நொலுண்டி ஒருமுறை மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். மொண்டே அவள் கையைப் பிடித்தான், உதறிவிட்டாள். முன் பெஞ்சின் மேல்கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். இருபத்தைந்து வருஷமாகத் தொண்டைக்குக் கீழேயே வைத்திருந்தது, வர மாட்டேன் என்றது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. பிறகு வந்தது.

“மலூசி!”

அறை முழுக்கக் கேட்டது.

“மலூசி குடுத்தார்ம்மா! பாய்லர்கிட்ட இருந்த மலூசி! என் மாமனார் பேரும் மலூசி, அதான் சொல்லல. இப்போ சொல்லிட்டேன். எழுதிக்கங்க. மலூசி.”

அவள் எங்கள் பாஷையில் சொன்னாள். வெள்ளைக்கார நீதிபதி புரியாமல் பக்கத்தில் பார்த்தார். ஆலை வக்கீலின் உதவியாளன், எங்கள் பையன், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். கோர்ட்டுக் காவலர் இரண்டடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமியார் ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பினாள், பிறகு சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நடுவில் இருந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. இந்தப் பெண் எதைக் கொண்டுவந்து தன் முன்னால் போட்டிருக்கிறாள் என்பது அந்த மூன்று பேரில் அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். கண்ணை மேசையிலிருந்து எடுக்காமலே, இங்கிலீஷை விட்டுவிட்டு எங்கள் பாஷையில் பேசினாள்.

“உக்காருங்கம்மா. இங்க நாங்க சாட்சி கேக்கிறதில்ல. நீங்க சொன்னது என் காதுல விழக்கூடாது.”

“விழுந்துச்சே” என்றாள் நொலுண்டி.

“உக்காருங்கம்மா” என்று மறுபடி சொன்னாள். குரல் அதட்டலாக இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது என்று மொண்டே பிறகு சொன்னான்.

நொலுண்டி உட்கார்ந்தாள். அங்கேயும் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல் அறையில் எந்தப் பெயர் விழுந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளோ, அதே பெயர் இங்கே ஐந்து தடவை விழுந்தது. ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை. தீர்ப்பைப் பிறகு சொல்கிறோம் என்று நீதிபதிகள் எழுந்து போனார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் மாமியார் பேசவில்லை. அன்று மட்டும் இல்லை, அடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். விஷயம் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? கோர்ட்டில் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம் என்று தண்ணீர்க் குழாயடியில் கிசுகிசுத்தார்கள். திருடி என்று சொன்னபோது நம்பாதவர்கள்கூட இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அதுவரை அவளிடம் யாரும் தொட முடியாமல் மிச்சம் இருந்தது நல்ல மருமகள் என்கிற பெயர் ஒன்றுதான். அதையும் கொண்டுபோய்க் கோர்ட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். நொலுண்டி ராத்திரியில் மாமனாரின் நாற்காலி இருக்கிற பக்கம் போகவே பயந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தீர்ப்பு வந்தது. மொண்டே அதை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் கேட்டைத் திறந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. தள்ளுபடி. மூன்று பேரும் ஒரே கருத்து.

“என்னை என்னன்னு எழுதியிருக்காங்க?” என்று நொலுண்டி கேட்டாள்.

“உங்களைத் திருடின்னு நேரா எழுதலக்கா. சாட்சியம் போதலன்னுதான்…”

“திருடி இல்லன்னு எழுதியிருக்காங்களா?”

“இல்லக்கா.”

“நான் எழுந்து சொன்னேனே, அது?”

மொண்டே பக்கத்தைப் புரட்டினான். படிக்க மனமில்லாமல் படித்தான். “விசாரணையின்போது பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு குறுக்கீடு எழுந்தது. அதை இந்த நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.”

“குறுக்கீடா?”

“ஆமாக்கா.”

“பேரைப் போடலையா? நான் சொன்ன பேரை?”

“போடல.”

நொலுண்டி சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மொண்டே அழுதுவிடுவான் போல இருந்தது. சங்கத்தில் வேறு வேலை பார்த்துத் தரப் பார்க்கிறேன் என்று என்னவோ முணுமுணுத்துவிட்டு வெளியே போனான். மாமியார் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

“வீணாப் போச்சு அத்தை” என்றாள் நொலுண்டி. இத்தனை மாதம் அடக்கியது எல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. “வேலையும் போச்சு. மானமும் போச்சு. அவர் பேரையும் சொல்லிட்டேன். ஒரு சனம் காதுல வாங்கலையே. நான் சொன்னதை ஒருத்தர்கூடக் கேக்கலையே அத்தை.”

மாமியார் மெல்ல வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“நான் கேட்டேன்டீ” என்றாள். “அந்தப் பேரைச் சத்தமா ஒருத்தர் கூப்பிட்டு நான் கேட்டு எத்தனை நாளாச்சு. நீ கூப்பிட்டதும், வந்துட்டாரோன்னு கதவைத் திரும்பிப் பார்த்தேன்.”

மருமகளின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

“யாரும் வரல.”